மர்சலனின் வயிற்றுச் சூடு

மர்சலன் பிரலோங்கைப் பற்றி எங்கள் வெர்னே ஊரில் யாரைக் கேட்டாலும் முதலில் அவன் வயிற்றைப் பற்றித்தான் சொல்வார்கள். நானும் அங்கிருந்தே தொடங்குகிறேன். ஆனால் அவர்கள் காரணம் வேறு, என் காரணம் வேறு.

மர்சலன் ஊர்ப் பால் பண்ணையில் சீஸ் செய்கிறவன். வயது நாற்பத்தைந்து, எடை நூற்று நான்கு கிலோ, அதுவும் காலைச் சாப்பாட்டுக்கு முன்னால் நின்று பார்த்தால். பள்ளிக்கூடத்தில் எனக்கு இரண்டு வகுப்பு கீழே. அப்போதே வட்ட முகம், சிவந்த கன்னம், எதைச் சொன்னாலும் ஒரு சிரிப்பு. கல்யாணம் ஆகவில்லை. பண்ணைக்கு மேல்மாடியில் ஒரு பூனையோடு இருக்கிறான். காலை நாலரைக்கு எழுந்து செம்புக் கொப்பரையை ஏற்றுவான். மாலை ஆறு மணிக்கு அறையில் அடுக்கிய சீஸ் வட்டுகளை ஒவ்வொன்றாக உப்புநீரில் துடைத்துத் திருப்பி வைப்பான். கிண்டல் செய்தால் கோபித்துக்கொள்ளாத ஒரே ஆள் எங்கள் ஊரில் அவன்தான். அதனால் ஊர்க் கிண்டல் மொத்தமும் அவன் தலையிலேயே விழுந்தது.

என் பெயர் ஜிசேல். பள்ளத்தாக்கின் மஞ்சள் தபால் பஸ்ஸை ஓட்டுகிறேன். எனக்கு வாய் கொஞ்சம் நீளம், பொறுமை கொஞ்சம் குட்டை. இதை நானே ஒத்துக்கொள்கிறேன், மற்றவர்கள் சொன்னால்தான் சண்டைக்குப் போவேன்.

எங்கள் மலையில் ஒவ்வொரு ஏப்ரலிலும் மூவர் பந்தயம் நடக்கும். மூன்று பேர் ஓர் அணி. காலில் பனிச்சறுக்குப் பலகை மாட்டி மூன்று கணவாய் ஏறி இறங்க வேண்டும். நடுவில் ஒரு பனியாறு. அதில் மூவரும் ஒரே கயிற்றில் கட்டிக்கொண்டு போக வேண்டும். மூன்றாவது ஆள் கோட்டைத் தாண்டுகிற நேரம்தான் அணியின் நேரம். ஒருத்தர் பாதியில் உட்கார்ந்துவிட்டால் மற்ற இரண்டு பேரும் எவ்வளவு பெரிய சூரப்புலியாக இருந்தாலும் வீட்டுக்குப் போக வேண்டியதுதான். கடைசியில் வருவது கறுப்பு ஆட்டுக் கணவாய். அங்கே சரியாகப் பன்னிரண்டு மணிக்குக் குறுக்கே நாடா கட்டிவிடுவார்கள். ஒரு நொடி பிந்தினாலும் அவ்வளவுதான்.

இந்தப் பந்தயத்தை முடித்தவர்கள், முடிக்காதவர்கள் என்று எங்கள் ஊரே இரண்டு ஜாதி. ஜூனில் மாடுகளை மேல் மேய்ச்சலுக்கு ஏற்றிவிட்டு நடக்கும் ஊர் விருந்தில் முடித்தவர்கள் நீள மேசையில் உட்காருவார்கள், முடிக்காதவர்கள் பரிமாறுவார்கள். மர்சலன் பத்தொன்பது வருடமாகப் பரிமாறிக்கொண்டிருந்தான். நெருப்புக்கு முன் நின்று சீஸை உருக்கி, வழித்து, உருளைக்கிழங்கின் மேல் விட்டு, "இன்னொன்னு வைக்கவா?" என்று கேட்டுக்கொண்டே இருப்பான். பந்தய நாளிலும் அதே வேலைதான். இரண்டாவது கணவாயில் பெரிய பானை வைத்துப் பார்லி சூப் ஊற்றுவது அவன்தான். முந்தின நாளே பானையையும் சாமானையும் முதுகில் கட்டிக்கொண்டு பலகை மேல் நடந்து ஏறிவிடுவான். இருபத்தைந்து கிலோ சுமை. அவன் மலை ஏறக்கூடியவன்தான் என்று அப்போதே எங்களுக்கு உறைத்திருக்க வேண்டும். உறைக்கவில்லை. சூப்பைக் குடித்துவிட்டு ஓடினோம்.

அவனுக்கு ஆசை இருந்தது. முப்பத்தொரு வயதில் ரொமுவால்டிடம் போய், உங்கள் அணியில் என்னைச் சேர்த்துக்கொள்வீர்களா என்று கேட்டான். ரொமுவால்ட் ஊர்க் காப்பிக்கடைக்காரன். எட்டு முறை பந்தயத்தை முடித்தவன். கேட்காமலேயே எட்டையும் விவரித்துச் சொல்வான். "உன் இடுப்பச் சுத்திக் கட்டினா மத்த ரெண்டு பேருக்குக் கயிறு பத்தாதுடா" என்றான். கடையே சிரித்தது. மர்சலனும் சிரித்தான். நானும் அங்கே இருந்தேன். நானும்தான் சிரித்தேன்.

இனி என் கதை கொஞ்சம். நான், என் நாத்தனார் நதேஜ், அடுத்த தெரு சோலான்ஜ் மூவரும் ஓர் அணி. இரண்டு முறை போனோம். முதல் முறை புயல் வந்து எல்லோரையும் திருப்பி அனுப்பினார்கள். இரண்டாம் முறை கறுப்பு ஆட்டுக் கணவாய்க்கு மூன்று நிமிடம் பிந்திப் போனோம். அந்த நாடாவைப் பார்த்தபோது வந்த அழுகையை நான் இன்னும் யாருக்கும் சொல்லவில்லை. இந்த வருடம் குளிர்காலம் முழுக்க உயிரைக் கொடுத்துப் பயிற்சி செய்தோம். பந்தயத்துக்கு எட்டு நாள் இருக்கும்போது சோலான்ஜின் பசு அவள் பாதத்தை மிதித்துவிட்டது. எங்கள் ஊரில் பசுக்களை மோதவிடும் சண்டையில் ராணிப்பட்டம் வாங்கிய பசு, பெயரே புலி, அறுநூற்றைம்பது கிலோ. இரண்டு எலும்பு போய்விட்டது.

"புலிய வித்துடுறேன்" என்று சோலான்ஜ் கட்டிலில் கிடந்து அழுதாள். விற்கமாட்டாள் என்று எங்களுக்குத் தெரியும். ஊரெல்லாம் மூன்றாவது ஆள் தேடினோம். ஓடத் தெரிந்தவர்கள் எல்லோரும் ஏற்கெனவே யாருடனாவது பெயர் கொடுத்திருந்தார்கள். கடைசியில் நதேஜ்தான் மெல்ல இழுத்தாள்.

"அண்ணி, மர்சலன் அண்ணன கேட்டா என்ன?"

"உனக்கென்ன மூளை கொழம்பிப் போச்சா?"

"மெதுவாப் போவாரு. ஆனா நிக்கவே மாட்டாரு. நீங்க என்னைக்காவது அவரு நின்னு பாத்திருக்கீங்களா?"

யோசித்துப் பார்த்தேன். பார்த்ததில்லை.

நாங்கள் போனபோது அவன் முழங்கை வரை கொப்பரைக்குள் விட்டுத் திரண்ட பாலைத் துழாவிக்கொண்டிருந்தான். நதேஜ் நேராகக் கேட்டாள்.

"அண்ணே, ஞாயித்துக்கெழம என்ன பண்றீங்க?"

"கணவாய்ல சூப்பு."

"சூப்ப எங்க அண்ணன் பாத்துக்கும். நீங்க எங்ககூட ஓட வாங்க."

அவன் கை நின்றது. அந்த நேரத்தில் கை நிற்கக் கூடாது என்பது சீஸ் செய்கிற எல்லோருக்கும் தெரியும். அன்றைய பால் கெட்டிப்பட்டுப் போய் ஊர்ப் பன்றிகளுக்குத்தான் போனது.

"கிண்டல் பண்றீங்களா?"

"எங்க மூஞ்சி சிரிக்கிறாப்லயா இருக்கு?" என்றேன் நான். "வேற ஆளு கெடைக்கல."

நதேஜ் என் காலை மிதித்தாள். மர்சலன் வழக்கம்போலச் சிரித்தான். "சரிக்கா. அதுக்காவது இருக்கேனே" என்று சொல்லிவிட்டுக் கையைத் துடைத்துக்கொண்டு சன்னல் பக்கம் திரும்பிக்கொண்டான். காது இரண்டும் சிவந்திருந்தன.

அந்த எட்டு நாளில் அவன் கேட்ட கேள்விகளுக்கு அளவில்லை. சோலான்ஜின் கணவரிடம் பந்தயப் பலகை கடன் வாங்கினோம். பிறகு தோல். மலை ஏறும்போது பலகையின் அடியில் ஒட்டிக்கொள்ளும் பட்டையைத்தான் தோல் என்போம். ஒரு பக்கம் பசை, மறுபக்கம் மயிர். மயிர் பின்னால் சறுக்காமல் பிடிக்கும். உச்சிக்குப் போனதும் உரித்துச் சட்டைக்குள் போட்டுக்கொண்டு சறுக்கி இறங்குவோம், கீழே போய் மறுபடி ஒட்டுவோம். குளிரில் பசை செத்துவிட்டால் ஒட்டாது. ஒட்டாவிட்டால் பந்தயம் முடிந்தது. எனக்கும் நதேஜுக்கும் மெல்லிய மயிர்த் தோல், எடை குறைவு, நன்றாக வழுக்கிக்கொண்டு போகும். மர்சலன் எடைக்கு அது தாங்காது என்று அடர்த்தியான மயிர்த் தோலாக வாங்கினான். எல்லாம் ஒரே கம்பெனி, ஒரே சாம்பல் நிறம்.

"அக்கா, ஒரு யோசனை" என்றான் வியாழக்கிழமை. "ஆறு தோலையும் எங்கிட்ட குடுத்துருங்க. என் வயித்துல வச்சுக்கிறேன்."

"எதுக்கு?"

"நீங்க ரெண்டு பேரும் குச்சி. உங்ககிட்ட சூடு எங்க இருக்கு? பத்தொன்பது வருஷமா பாக்குறேன், அந்தக் கணவாய்ல வர்றவங்க பாதிப் பேரு தோலு ஒட்டாமத்தான் அழுவாங்க. வெளியாளு உதவி பண்ணா தகுதி போயிரும்னு பேசாம இருந்தேன். இப்ப நான் வெளியாளு இல்லியே."

கடைசி வாக்கியத்தைச் சொல்லும்போது அவன் முகத்தைப் பார்க்க வேண்டுமே! நான் கூட வாயை மூடிக்கொண்டேன். ஆறும் ஒரே இடத்தில் கிடந்தால் கலந்துவிடுமே என்று மட்டும் கேட்டேன். தோலின் முனையில் உள்ள வெள்ளைத் துணியில் பெயரெழுத்து போட்டுவிடுகிறேன் என்றான். மறுநாள் அழகான நீல எழுத்தில் எல்லாம் தயார். அழியாதா என்று கேட்டதற்கு, "சீஸ் மேல நம்பர் போடுற மை. ரெண்டு வருஷம் அறையில கெடந்தாலும் அப்படியே இருக்கும்" என்று பெருமையாகச் சொன்னான்.

ஞாயிறு காலை ஆறு மணி, பொழுது வெளுக்கிற நேரம். மைனஸ் பதினேழு டிகிரி. போதாததற்கு மேலே காற்று. பக்கத்து கோம்பா ஊர் ஆட்கள் மூன்று பேர் மர்சலனை மேலும் கீழும் பார்த்தார்கள்.

"என்ன சமையல்காரரே, பானைய எங்க விட்டீங்க?"

"உள்ள போட்டுட்டு வந்திருக்கேன், பாருங்க" என்று மர்சலன் வயிற்றைத் தட்டிக் காட்டினான். அவர்களே சிரித்துவிட்டார்கள்.

முதல் ஏற்றத்தில் எல்லோரும் எங்களைத் தாண்டிப் போனார்கள். எனக்குப் பல்லை நறநறவென்று கடிக்க வேண்டும்போல் இருந்தது. மர்சலன் தன் பாட்டுக்கு ஒரே தாளத்தில் வந்தான். உச்சியில் தோல்களை உரித்தோம். அவன் மேல்சட்டையின் ஜிப்பைத் திறந்து, "போடுங்க" என்றான். போட்டோம். பனி அப்பிய ஆறு தோலும் ஒன்றாக வயிற்றில் பட்டதும் அவன் போட்ட சத்தத்தைக் கேட்டு நேரக் காவலர் ஓடி வந்துவிட்டார்.

"என்ன, அடிபட்டுருச்சா?"

"இல்லீங்க ஐயா, குளிக்கிறேன்!"

கீழே இறங்கியதும் வேடிக்கை தொடங்கியது. காற்று அடித்த பனித்தூளில் எல்லோருடைய பசையும் செத்துக் கிடந்தது. ஒருத்தர் வாயால் ஊதிக்கொண்டிருந்தார், ஒருத்தர் ஒட்டுநாடா சுற்றிக்கொண்டிருந்தார், ஒருத்தர் தோலைத் திட்டிக்கொண்டிருந்தார். மர்சலன் ஜிப்பைத் திறந்தான். ஆவி வந்தது. பொய் இல்லை, ஆவி வந்தது. ஒவ்வொன்றாக எழுத்தைப் பார்த்து எடுத்துக் கொடுத்தான். பலகையில் வைத்ததும் பச்சென்று பிடித்துக்கொண்டது. பதினோரு அணிகளைத் தாண்டினோம். கோம்பாக்காரர்கள் பனியில் உட்கார்ந்து தோலுக்குக் கட்டுப் போட்டுக்கொண்டிருந்தார்கள். நான் அவர்களுக்குக் கை ஆட்டினேன். அது தேவையில்லாததுதான், ஆனால் சுகமாக இருந்தது.

இரண்டாவது கணவாயில் என் கணவர் உர்பேன் சூப் ஊற்றிக்கொண்டிருந்தார். மர்சலன் ஒரு வாய் குடித்தான். முகம் ஒரு மாதிரி போயிற்று.

"எப்படி இருக்கு?" என்றார் உர்பேன்.

"சூடா இருக்கு" என்றான் மர்சலன், மரியாதையாக.

அங்கேயும் தோல்களை உரித்து அவன் சட்டைக்குள் போட்டுவிட்டு, மூவரும் கயிறு கட்டிக்கொண்டு பனியாற்றில் இறங்கினோம். நதேஜ் முன்னால், நான் நடுவில், மர்சலன் கடைசி. கீழே போனபோது மேகம் இறங்கிக் கண்ணாடியெல்லாம் உறைந்துவிட்டது. நேரம் பத்து ஐம்பது. கடைசி ஏற்றம், கறுப்பு ஆட்டுக் கணவாய். காற்றுக்கு முதுகைக் காட்டி நின்று கையை மட்டும் நீட்டினேன். மர்சலன் கொஞ்சம் தடுமாறினான். "சீக்கிரம்டா!" என்றேன். தோல்களைக் கையில் வைத்தான். ஒட்டினோம், கிளம்பினோம்.

என்ன சொல்ல! அன்று என் கால் மாதிரி கால் யாருக்கும் இருந்ததில்லை. சரிவு கண்ணாடி மாதிரி இறுகிக் கிடந்தது, நதேஜ்கூட அவ்வப்போது வழுக்கினாள். எனக்கு, குறிப்பாக வலது கால், வைத்த இடத்தில் ஆணி அடித்தது போல் நின்றது.

"பாத்தியாடி, நாப்பத்தேழு வயசுல எப்படி ஏறுறேன்னு!" என்று நதேஜிடம் கத்தினேன்.

பின்னால்தான் தொல்லை. மெதுவாக வருகிறவனை இழுக்க எங்கள் இடுப்பில் ஒரு ரப்பர் கயிறு கட்டியிருப்போம். என் இடுப்பிலிருந்து மர்சலன் இடுப்புக்கு. இரண்டு அடி போனால் ஒரு வெட்டு. திரும்பிப் பார்த்தால் அவன் ஒரு முழம் கீழே சறுக்கி நிற்பான். மறுபடி இரண்டு அடி, மறுபடி வெட்டு. வளைவு திரும்பும் இடத்தில் ஒருமுறை முழங்காலில் விழுந்தான்.

"டேய், என்னடா ஆச்சு உனக்கு? இவ்வளவு நேரம் ஒழுங்காத்தானே வந்த!"

"வர்றேன்க்கா."

"மணி பதினொண்ணு இருபது! தூங்கிட்டு வர்றியா?"

"வர்றேன்க்கா."

இன்னொரு வெட்டு. இடுப்பு எலும்பே கழன்றுவிடும்போல் இருந்தது. மூன்று நிமிடம் பிந்திப் பார்த்த அந்த நாடா கண் முன்னால் வந்து நின்றது. அப்போது என் வாயிலிருந்து வந்ததை அப்படியே எழுதுகிறேன், எனக்குத் தண்டனையாக இருக்கட்டும்.

"உன்னைக் கூட்டிட்டு வந்ததுக்கு அந்தப் பானையக் கட்டி இழுத்துட்டு வந்திருக்கலாம்! ரொமுவால்ட் அன்னைக்கே சரியாத்தான்டா சொன்னான்!"

இந்த முறை பின்னாலிருந்து மூச்சுச் சத்தம் மட்டும் கேட்டது.

"அண்ணி, விடுங்க, பாவம்" என்றாள் நதேஜ்.

"பாவம் பாத்தா நாடா கட்டிருவாங்கடி!"

பதினொன்று ஐம்பத்திரண்டுக்கு மேகம் விலகிக் கணவாய் தெரிந்தது. மேலே சிவப்புச் சட்டை போட்ட காவலர் ஒருவர் ஒரு கையில் நாடாச் சுருளும் மறு கையில் கடிகாரமுமாக நின்றார். கடைசி முப்பது மீட்டர்தான் மோசம், சுவர் மாதிரி. நதேஜ் ஏறிவிட்டாள். நானும் ஏறிக் கோட்டைத் தாண்டினேன். பதினொன்று ஐம்பத்தேழு. மர்சலன் கீழே. ஏறினான், வழுக்கினான். ஏறினான், வழுக்கினான். நாங்கள் இரண்டு பேரும் ரப்பர் கயிற்றைப் பிடித்து இழுத்தோம், அது நீண்டதே தவிர அவன் வரவில்லை.

அப்போது அவன் ஒரு காரியம் செய்தான். குனிந்து இடது கால் பலகையைக் கழற்றினான். அதைக் கையில் பிடித்துக்கொண்டு, ஒரு காலில் பலகையும் ஒரு காலில் வெறும் பூட்ஸுமாக, பூட்ஸ் காலைப் பனியில் குத்திக் குத்தி ஏறினான். முகம் பீட்ரூட் நிறம். வாய் திறந்து கத்திக்கொண்டே வந்தான், வார்த்தை எதுவும் இல்லை. "இருபது நொடி!" என்றார் காவலர். மர்சலன் கோட்டைத் தாண்டி நேராகக் காவலர் மேலேயே விழுந்தான். அவர், அவன், நாடாச் சுருள் மூன்றும் பனியில் உருண்டன.

"பன்னெண்டுக்கு இன்னும் ஆறு நொடி இருக்கு" என்றார் காவலர் அடியிலிருந்து. "எந்திரிச்சுக்குங்க ஐயா, மூச்சு முட்டுது."

நதேஜ் குதித்தாள். நானும் குதித்தேன். பிறகு இறங்குவதற்காகக் குனிந்து தோலை உரித்தேன். இடது கால் தோல் மெல்லியது, என்னுடையது. வலது கால் தோலை உரித்ததும் கையில் அடர்த்தியாக மயிர் தட்டுப்பட்டது. தடவிப் பார்த்தேன். கொஞ்சம் நீளமாகவும் இருந்தது. மர்சலன் கையில் வைத்திருந்த இடது பலகையைப் பிடுங்கித் திருப்பினேன். என்னுடைய மெல்லிய தோல். நூற்று நான்கு கிலோவுக்குக் கீழே, கண்ணாடிச் சரிவில், அது என்ன பிடிக்கும்?

"இத எப்பக் கண்டுபிடிச்ச?"

"ஏற ஆரம்பிச்ச பத்தாவது அடியிலக்கா."

"ஏண்டா சொல்லல?"

"சொன்னா நீங்க நின்னு மாத்தணும்னுவீங்க. அந்தக் காத்துல உரிச்சா ரெண்டும் ஒட்டாது. மூணு பேருமே அவ்வளவுதான்." மூச்சு வாங்கியது அவனுக்கு. "தப்பு என்னுதுதான். எடுத்துப் பாத்தா ஒண்ணுலயும் எழுத்தே இல்ல. கையும் மரத்துப்போச்சு. குத்துமதிப்பா குடுத்துட்டேன்."

"ரெண்டு வருஷம் அழியாதுன்னியே!"

அவன் ஜிப்பைத் திறந்து குனிந்து பார்த்தான். நாங்களும் பார்த்தோம். வெள்ளை வயிற்றில் நீல நீலமாக என் எழுத்தும் நதேஜ் எழுத்தும் அவன் எழுத்தும் தலைகீழாகப் பதிந்து, வேர்வையில் வழிந்து தொப்புள் வரை ஓடியிருந்தன.

"சீஸுக்கு வேர்க்காதேக்கா" என்றான் மர்சலன்.

நதேஜ் பனியிலேயே உட்கார்ந்து சிரித்தாள். காவலர் சிரித்தார். நானும் சிரிக்கத் தொடங்கி, நடுவில் எங்கேயோ அது அழுகையாகிவிட்டது. அறுநூறு மீட்டர் ஏற்றம் அவன் ஒரு காலால் ஏறியிருக்கிறான். அவன் தோலை மாட்டிக்கொண்டு நான் என் காலைப் பீற்றிக்கொண்டேன். அதைச் செய்துகொண்டே அவனைத் திட்டினேன். வெட்கமாக இருந்தது. மன்னிப்புக் கேட்கலாம் என்று வாயைத் திறந்தேன். பழக்கமில்லாத வாய், வரவில்லை.

"எறங்கலாமாக்கா? கீழ ஊரே காத்துக்கிட்டு இருக்கும்" என்றான் அவன்.

ஆயிரத்து நானூறு மீட்டர் கீழே வெர்னே. வெயில் வந்துவிட்டது. வழி முழுக்க அவன் பின்னாலேயே போனேன், ஒரு வார்த்தை பேசவில்லை. என் கல்யாண வாழ்க்கையில்கூட அவ்வளவு நேரம் பேசாமல் இருந்ததில்லை.

தேவாலயத்துக்கு முன்னால் முடிவுக் கோடு. ஊரே நின்றது. சோலான்ஜ் கட்டுப்போட்ட காலை நாற்காலியில் நீட்டிக்கொண்டு அழுதுகொண்டிருந்தாள். ஒலிபெருக்கி ரொமுவால்ட் கையில், வருடா வருடம் அவன்தான். நாங்கள் மூவரும் கை கோத்துக் கோட்டைத் தாண்டினோம். என் இடுப்பிலிருந்து மர்சலன் இடுப்புக்கு ரப்பர் கயிறு அப்படியே தொங்கியது. கழற்ற மறந்துவிட்டோம்.

"வந்துட்டாங்க, வந்துட்டாங்க!" என்று ரொமுவால்ட் முழங்கினான். "வெர்னே வீராங்கனைங்க ரெண்டு பேரு! நூறு கிலோ சீஸ் மூட்டைய மூணு கணவாய் இழுத்துட்டு வந்திருக்காங்கய்யா! கை தட்டுங்க!"

கூட்டம் சிரித்துக் கை தட்டியது. மர்சலனும் சிரித்தான். "ஆமாய்யா, இழுத்துட்டுத்தான் வந்தாங்க" என்றான். அந்தச் சிரிப்பை நாற்பது வருடமாகப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். சிரித்தபிறகு காது சிவப்பதை அன்றுதான் கவனித்துப் பார்த்தேன்.

நேராக நடந்து போய் ரொமுவால்ட் கையிலிருந்து ஒலிபெருக்கியைப் பிடுங்கினேன்.

"யாரு யாரைடா இழுத்தா?" என்றேன். அது தேவாலயச் சுவரில் மோதித் திரும்பி வந்தது. "இவன் தோல நான் மாட்டிக்கிட்டு ஏறினேன். என் தோல இவன் மாட்டிக்கிட்டு வழுக்கி வழுக்கி வந்தான். தெரிஞ்சே வந்தான். நான் வழி பூரா இவன வாய்க்கு வந்தபடி திட்டினேன், ஒரு வார்த்த திருப்பிச் சொல்லல. இவன் வயித்துச் சூடு இல்லன்னா நாங்க ரெண்டு பேரும் முதல் கணவாய்லயே வீட்டுக்குப் போயிருப்போம். மர்சலா, நான் பேசினது தப்புடா. மன்னிச்சுக்க. ரொமுவால்ட், நீயும் கேளு!"

ரொமுவால்ட் தொப்பியைக் கழற்றி, போட்டு, மறுபடி கழற்றினான். ஏதோ முணுமுணுத்தான். ஒலிபெருக்கி என்னிடம் இருந்ததால் யாருக்கும் கேட்கவில்லை. மர்சலனுக்குக் கேட்டது போதும். அவன் தலையை ஆட்டினான், பிறகு கையுறையால் முகத்தைத் துடைத்துக்கொண்டே இருந்தான். சோலான்ஜ்தான் கைத்தடியால் நாற்காலியைத் தட்டிக் கத்தினாள்: "வயித்தக் காட்டுங்கண்ணே!" கூட்டமே பிடித்துக்கொண்டது. அவன் ஜிப்பைத் திறந்து காட்டினான். அன்று கிடைத்த கைத்தட்டல், முதலில் வந்த அணிக்குக்கூடக் கிடைக்கவில்லை.

அடுத்த ஏப்ரலுக்கு இன்னும் பத்து மாதம் இருக்கிறது. அதற்குள் நான்கு அணிகள் மர்சலனைக் கேட்டு வந்துவிட்டன. அதில் ஒன்று கோம்பா அணி. இன்னொன்று, என் பஸ்ஸில் ஏறி என்னிடமே தூது கேட்ட ரொமுவால்டின் அணி. அடுத்த நிறுத்தத்தில் அவனை இறக்கிவிட்டேன்.

மாலையில் நானே பண்ணைக்குப் போனேன். சோலான்ஜின் கால் சரியாகிவிட்டது, ஆனால் அடுத்த முறை கணவாயில் சூப் ஊற்ற நானே நிற்கிறேன் என்று அவளே சொல்லிவிட்டாள். மர்சலன் சீஸ் வட்டுகளைத் துடைத்துக்கொண்டிருந்தான். அவன் துடைத்து முடிக்கும்வரை நின்றேன். எனக்கு இதெல்லாம் புதிது.

"மர்சலா, அடுத்த வருஷம் எங்ககூட வர்றியா? நீ வந்தா நல்லாருக்கும்."

அவன் கடைசி வட்டைத் திருப்பி வைத்தான். துணியைப் பிழிந்தான். சாவகாசமாகக் கையைத் துடைத்தான்.

"யோசிச்சுச் சொல்றேன்க்கா" என்றான்.

இன்றோடு மூன்று நாள் ஆகிறது. பால் பண்ணை நிறுத்தத்தில் தினமும் பஸ்ஸை ஒரு நிமிடம் கூடுதலாக நிறுத்துகிறேன். அவன் சன்னல் வழியே கை ஆட்டுகிறான், பதில் மட்டும் சொல்லவில்லை. பயணிகள் முணுமுணுக்கிறார்கள். எனக்குக் கோபமே வரவில்லை.